மேனேஜர் பேசாத சொற்பொழிவு

1966 மே 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறேகாலுக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் முதலில் இரண்டு அண்டாக்களையும் நிரப்பினேன். பிறகு காபி, குளியல், தயிர்சாதம் கட்டிக்கொண்டது. மாட்டுங்காவில் 7.22 ஸ்லோ வண்டி, பெண்கள் பெட்டி, பம்பாய் வி.டி. ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே பயணம். என் டைரியின் அந்தப் பக்கத்தில் இதுவரை மற்ற நாட்களிலிருந்து ஒரு வித்தியாசமும் இல்லை. ஆபீசுக்குப் போகாமல் நேரே பாவ்ச்சா தக்கா படகுத்துறைக்கு வரும்படி மேனேஜர் சொல்லியிருந்தார் என்பது மட்டும்தான் புதிது.

கப்பல்களில் துரு தட்டி வண்ணம் பூசும் ஒப்பந்தக் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ஸ்டெனோ. மேனேஜர் செம்பூர்க்காரர், வெள்ளைக்காரர் எவரைக் கண்டாலும் குரல் தணிந்து முதுகு இரண்டு அங்குலம் வளைந்துவிடும். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நடுநீரில் நங்கூரமிட்டிருந்த ஒரு நார்வேக் கப்பலில் எங்கள் ஆட்கள் பத்து நாட்களாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். பதினேழாம் தேதி தங்கள் நாட்டின் தேசியத் திருநாள், அன்று வேலை வேண்டாம், விரும்பினால் விருந்தினராக வரலாம் என்று கேப்டன் எழுதியிருந்தார். மேனேஜர் விருந்தினர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். நார்வேயின் மலைகள், மக்களின் வீரம், இரு நாடுகளின் நட்பு என்று ஒரு சொற்பொழிவு தயாரித்தார். அதை நான்கு முறை டைப் செய்தேன். நார்வே எங்கே இருக்கிறது என்று அவர் அட்லஸைப் பார்த்தது மூன்றாவது முறைக்குப் பிறகு. வேலை வேண்டாம் என்பதைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டார். அவர்கள் மேல்தளத்தில் பாடட்டும், நம் ஆட்கள் பின்பக்கத்தில் தட்டட்டும், யாருக்குக் கேட்கப்போகிறது என்றார்.

எட்டரைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு கம்பெனியின் மோட்டார் படகு, லாஞ்ச், கிளம்பியது. மே மாதத்துப் பம்பாயில் மேனேஜர் கம்பளிக் கோட்டு அணிந்திருந்தார். எதிரே தாராவியிலிருந்து வந்த ஆறு பேர், சுத்தியலும் சுரண்டியுமாக. அவர்களில் மேஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்தவர். பக்கத்தில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி. பிழைக்க வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மேஸ்திரி கோட்டைப் பார்த்துவிட்டு அவனிடம் மெதுவாக, "அவிய ஊர்ல பனி பெய்யும்லா, அதான் ஐயா இங்கனயே போர்த்திக்கிட்டு வந்திருக்காவ" என்றார். அவன் சிரித்தான். இரண்டு கண்களோடும் அவன் முகத்தை நான் கவனித்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறு பேரையும் கப்பலின் பின்பக்கத்தில் இறக்கிவிட்டு நாங்கள் மேலே ஏறியதும், மேனேஜருக்கும் எனக்கும் சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் ரிப்பன் குத்தினார்கள். ஒருவர் அக்கார்டியன் வாசிக்க, முப்பது வளர்ந்த ஆண்கள் சின்னக் காகிதக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு தளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். அவர்கள் ஊரில் அன்று குழந்தைகள் போவார்களாம். கப்பலில் குழந்தைகள் இல்லாததால் இவர்களே போனார்கள். அதைக் கேலி செய்ய எனக்குத் தோன்றவில்லை. வீட்டை நினைத்துக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குப் பின்னால் நெஞ்சில் கைவைத்து, தெரியாத பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டு மேனேஜர் போனாரே, அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஆகஸ்ட் பதினைந்துக்கு எங்கள் ஆபீசில் கொடி ஏற்றும்போது அவர் ஒரு வருஷமும் வந்ததில்லை. லீவு நாள் தூக்கம் கெட்டுவிடுமாம்.

பத்து இருபதுக்கு மேஸ்திரி மேலே ஏறி வந்தார். தொங்குபலகையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த மச்சினன் கண்ணில் துருச் சில்லு பாய்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாஞ்ச் வேண்டும் என்றார். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். கேக்குக்குப் பிறகு பேசலாம் என்று கேப்டன் மரியாதைக்குச் சொல்லியிருந்ததை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டிருந்தார். தன் பேச்சு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்தே போய்விடலாம் என்றார். லாஞ்ச் இப்போது போனால், வேண்டாம் என்ற நாளில் ஆள் ஏற்றியது கேப்டனுக்குத் தெரிந்துவிடும். அவருடைய பயம் அது.

பதினொன்று ஐந்துக்கு மேஸ்திரி மறுபடி வந்தார்.

"தண்ணி விட்டாச்சுய்யா. கண்ணத் தொறக்க மாட்டேங்கான். ரத்தமா வடியுது."

"ஒரு பத்து நிமிஷம் இருய்யா. அதுக்குள்ள கண்ணு எங்கயும் ஓடிப்போயிடாது."

"போயிரும்யா. அதுக்குத்தான் ரெண்டு தடவ ஏறி வந்திருக்கேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பி, பேப்பரைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். டைரியில் இந்த நாற்பத்தைந்து நிமிடங்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை. எழுதும்படி நான் ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் கப்பலில் ரேடியோ வேலை பார்த்தவர் ஒரு பெண். என்னிடம் கேக் தட்டை நீட்டியவர், படியருகே நிற்கிற ஆள் ஏன் அழுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுதான் சொன்னேன். சொல்ல ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. தட்டை என் கையில் விட்டுவிட்டு அவர் கேப்டனிடம் ஓடினார். அக்கார்டியன் நின்றது, எல்லோரும் அமைதியானார்கள். தன் முறை வந்துவிட்டதென்று மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, சொற்பொழிவுக்காக என்னை நோக்கிக் கை நீட்டினார். கேப்டன் அவரைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனார்.

ரேடியோவில் சொல்லியிருந்ததால் கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மேஸ்திரியோடு நானும் போனேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வலது கண் போய்விட்டது.

இருபது வருஷம் ஆகிறது. மேனேஜர் ஓய்வுபெற்று, செம்பூரில் சங்கக் கூட்டங்களில் பேசுகிறார் என்று கேள்வி. கேட்பவர்கள் எழுந்து போக அங்கே வாசல் இருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

அன்று நான்கு மணிக்கு ஆபீசுக்குத் திரும்பினேன். மேனேஜர் வேறு சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளிக்கு ஒரு ரிப்போர்ட் சொன்னார்; சுருக்கெழுத்தில் எடுத்தேன். "ஆறு பேருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி குடுத்திருந்தோம், அவன்தான் போட்டுக்கலன்னு தெளிவா வரணும்மா. காலைல மொத வேலையா டைப் பண்ணி முதலாளி டேபிள்ல வச்சுடு." அந்த ஒரு வரி முதலாளிக்குப் போனால் மச்சினனுக்குச் சட்டப்படி வரவேண்டிய நஷ்டஈடு எதுவும் வராது, சொன்னதைக் கேட்காத கூட்டம் என்று அந்த ஆறு பேருக்கும் அதோடு வேலையும் போய்விடும். கண்ணாடிகள் மார்ச் மாதமே வாங்கியவை. இவர்கள் கையில் கொடுத்தால் கீறல் விழும் என்று பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னவர் அவர். பூட்டியவள் நான். ஸ்டேஷனரியும் அதிலேயே இருந்ததால் சாவி என்னிடம் இருந்தது.

மே 18, புதன்கிழமை. எட்டு பத்துக்குப் பியூன் கதவைத் திறந்ததும் உள்ளே போனேன். டைப்ரைட்டரின் உறையைக் கழற்றவில்லை. பீரோவைத் திறந்து, ஆறு கண்ணாடிகளையும் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த தாள்கூடப் பிரிக்காமல் எடுத்துப்போய், முதலாளியின் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் ஒரு தாள்: பத்து இருபது, பதினொன்று ஐந்து, அந்தந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள், கீழே என் கையெழுத்து.