மாட்டுக்குப் போன காளான்

எங்கள் ஹாமே ஜில்லாவில் காளான் என்றால் மாட்டுத் தீனி. மனுஷர் வாயில் வைக்கிற பொருளே அல்ல. இது தெரியாமல்தான் நஸ்தி இங்கே வாக்கப்பட்டு வந்தாள். போரில் எதிரிக்குப் பறிபோன கிழக்கெல்லைக் கரேலியாவின் பெண். அவர்கள் வீட்டில் உப்புக் காளான் இல்லாமல் சாப்பாட்டு மேசையே கிடையாது.

அவள் வந்த முதல் இலையுதிர் காலம். அப்பா ஒந்த்ரெய் மகளைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். ஊரை இழந்து வந்தவரைச் சர்க்கார் வடக்கே யார் வீட்டிலோ குடியேற்றிவிட்டிருந்தது. ஊரை விட்டதிலிருந்து உப்புக் காளான் அவர் நாக்கில் படவில்லை. வருகிறவருக்கு அதைப் போட்டுவிட வேண்டும். நஸ்திக்கு வேறு நினைப்பே இல்லை.

காட்டுக்குப் போனால் அங்கே அவளுக்கு முன்னால் மாடுகள். பால் கறந்து, பாத்திரம் கழுவி, இவள் கூடையைத் தூக்குவதற்குள் அதுகள் பிர்ச் மரத்தடியையெல்லாம் மேய்ந்து முடித்திருக்கும். மிச்சத்தைக் குளம்பு நசுக்கியிருக்கும். நனைந்த பாவாடையும் வெறுங்கூடையுமாகத் திரும்புவாள். மாட்டை ஒரு நாள் அடைத்துவை என்று கணவன் தானேலியிடம் கேட்டுப் பார்த்தாள். காளானுக்காகவா என்று கேட்டுவிட்டு அவன் கோடரி தீட்டப் போய்விட்டான்.

கடைசியில் ஏரிக்கு அந்தப் பக்கம், மாடு ஏறாத பாறைச் சரிவில் கண்டுபிடித்தாள். ஒடித்தால் பால் வடிகிற காளான், பாசிக்குள் கொத்துக் கொத்தாக. முதுகு ஒடியச் சுமந்து வந்தாள். அதை அப்படியே உப்பில் போட முடியாது, நாக்கு எரியும். அண்டாவில் வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஆறட்டும் என்று தொழுவத்து வாசலில் வைத்துவிட்டு உப்பு வாங்கக் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தால் அண்டா கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

"உனக்கு ஏன் சிரமம்னு நானே மாட்டுக்குப் போட்டுட்டேன்," என்றாள் மாமியார் ஹில்மா. "வேகவெச்செல்லாம் போடணுமாடி? பச்சையாவே தின்னுமே. நல்ல மனசு உனக்கு."

"அத்தை, அது எங்கப்பாவுக்கு."

ஹில்மா அவளையே பார்த்தாள். "அவ்வளவு கஷ்டத்துலயா இருக்காரு அந்த மனுஷன்?"

கேலியாய் இருந்தால் நஸ்தி பதிலுக்கு இரண்டு வார்த்தை கொடுத்திருப்பாள். கிழவி நிஜமாகவே இரக்கப்பட்டாள். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

அன்று ராத்திரியே உறைபனி விழுந்தது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தாள். சரிவில் மிஞ்சியதெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒந்த்ரெய் வந்தார். ஹில்மா பன்றிக்கறியை அவர் தட்டில் குவித்துக்கொண்டே இருந்தாள். மரியாதைக்கு எல்லாவற்றையும் தின்றார். பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இந்தப் பக்கம் காளான் முளைக்காதாம்மா?"

"முளைக்குதுப்பா. மாடு தின்னுது."

"எல்லாத்தையுமா?"

"வேகவெச்சதையும்."

அவருக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. நஸ்திக்கு வரவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி பஸ் ஏறினார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டின மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அங்கே ஹில்மா வேலியோரம் நின்று, பாவம், காளான் தின்கிற நிலைமைக்கு வந்துவிட்டார் சம்பந்தி என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.