கனகம் சேர்த்த கோடுகள்

சேரப்பணஞ்சேரி ரத்னாவுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: சூரியனில் புள்ளி எண்ணுகிறவள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம். புள்ளி எண்ண வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவள் பார்ப்பது புள்ளியே இல்லாத இடத்தை.

கல்யாணத்துக்கு முன்பு மலைமேல் ஒரு சூரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வரைபட வேலை பார்த்தவள். இங்கே வந்த பிறகும் அங்கிருந்து விஞ்ஞானி யாக்கோபு சார் சூரியனின் போட்டோக்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். சூரியன் சும்மா கிடக்கும் பகுதியிலும் மெல்லிய வலை ஒன்று படர்ந்திருக்கும். போட்டோமேல் டிரேசிங் தாளை வைத்து அந்த வலையை வரைந்து, ஒரு சதுரத்துக்குள் எத்தனை வலைக்கண் என்று எண்ண வேண்டும். காலையில் வரைவாள், சாயங்காலம் எண்ணுவாள்.

சூரியன் அடங்கியிருந்த எண்பத்தாறாம் வருஷத்தில் சராசரி நாற்பது கண். இந்தத் தொண்ணூற்றொன்றிலோ சூரியன் ஆடாத ஆட்டம் ஆடியது. புள்ளிகளுக்குத் தள்ளி ஒரு சுத்தமான இடம் தேடுவதற்குள் கண் பூத்துப்போனது. எண்ணினால் ஐம்பது! கண்கள் சுருங்கியிருக்கின்றன, ஆட்டம் சும்மா கிடந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. ரத்னாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை யாக்கோபு சார் நேரில் வருகிறார். கணக்கு தேறினால் அறிக்கையில் அவள் பெயரும் வரும்.

திங்கட்கிழமை தாள்களை அடுக்கும்போதுதான் பார்த்தாள். போட்டோவில் வலை அறுந்திருந்த இடத்திலெல்லாம் தாளில் கோடு சேர்ந்திருந்தது. இருபது தாளிலும்.

“கனகம்!”

ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் கனகம் எட்டிப் பார்த்தாள். “இன்னா அண்ணி?”

“இதுல யாரு கை வெச்சது?”

“நான்தான். நீங்க அடுப்பாண்ட போவ சொல்ல சேத்து வெச்சேன். கோலத்துல கோடு அந்தரத்துல நிக்கலாமா? வூட்டுக்கு ஆவாது.”

“இது கோலம் இல்லடி! சூரியன்!”

“சூரியனா இருந்தா இன்னா? பாதில வுட்டா நல்லாவா கீது?”

அறுந்த கோட்டைச் சேர்த்தால் ஒரு பெரிய கண் இரண்டு சின்னக் கண்ணாகிவிடும். அந்த ஐம்பது, சூரியன் போட்டதல்ல, கனகம் போட்டது. ஆத்திரத்தில் ரத்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பிறகு அந்தத் தாள்கட்டைப் பரண்மேல் விட்டெறிந்துவிட்டு, கனகத்தை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே, மூன்று நாளில் இருபதையும் புதிதாக வரைந்து எண்ணினாள். சராசரி நாற்பத்திரண்டு.

யாக்கோபு சாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“ரெண்டுதான் அதிகம். ஆனா இருபதுல பதினெட்டு தாள் நாப்பதைத் தாண்டுது. ஐம்பதுன்னு குடுத்திருந்தா உங்க பதினோரு வருஷத்தையும் ஓரமா வெச்சிருப்பேன்மா. வலை அவ்வளவு சுருங்காது. இந்த ரெண்டை நம்பறேன். பேரு எப்பிடிப் போடட்டும்?”

ரத்னா வாய் திறப்பதற்குள் பரணிலிருந்த கட்டோடு கனகம் வந்து நின்றாள்.

“சார், இதையும் ஒருவாட்டி பாருங்க. இதுதான் பாக்க நல்லா கீது.”