துடைக்காத இருக்கை

அவரைப் பார்க்கக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே ரோட்டுக்கு ஓடி வரும். வெள்ளைக்காரத் துரையின் பந்தயக் காரை ஓட்டியவர். கறுத்த முகத்தில் கண்ணாடி போடும் இடம் மட்டும் வெளுத்திருக்கும். எங்கே நிறுத்தினாலும் தோல் இருக்கைகளைத் துண்டால் துடைத்துவிடுவார். இல்லாவிட்டால் துரை ஏசுவான்.

அன்றோடு அவர் பந்தயத்தை விடுகிறார் என்று ஊருக்கே தெரியும். அன்று பார்த்து எனக்கு இடுப்பு வலி. ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காரை நிறுத்தி என்னைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

"அண்ணே, பந்தயத்துக்கு நேரமாச்சே!"

"துரை தோக்கட்டும், தங்கச்சி. என் பொண்டாட்டிக்கு வலி வந்தப்ப இதே காரைக் கேட்டேன். சீட்டு அழுக்காயிடும்னுட்டான். ரெண்டு உசுரும் போச்சு."

ஆஸ்பத்திரி வாசலில், அந்த இருக்கையிலேயே என் மகள் பிறந்தாள். அவள் அழுததும், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"யம்மாடி, இத்தனூண்டு உடம்புல இவ்ளோ சத்தமா!"

ரத்தத்தைக் கழுவ ஆயா வாளியோடு வந்தாள். அவர் விடவில்லை.

"தொடாதீங்க. இப்படியே கொண்டுபோய்த் துரை வீட்டு வாசல்ல நிறுத்தணும்."

அவர் மெதுவாக ஓட்டி அன்றுதான் பார்த்தேன். கறை வெயிலில் நன்றாகக் காய வேண்டுமாம்.