எழுபது கிலோவான காலை

இதயம் தளர்ந்துவிட்டது என்று பத்து நாள் படுக்கப் போட்டிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, மாத்திரைகளோடு ஒரு உத்தரவும் வந்தது. தினமும் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும். எட்டு மணிக்கு நர்ஸ் போன் செய்வார். எடை, கால் வீக்கம், மூச்சு மூன்றையும் சொல்ல வேண்டும். திடீரென்று இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்று அர்த்தம், மறுபடி அட்மிஷன்.

கிடர்பூர் துறைமுகத்தில் இருபது வருஷம் ஊரார் சரக்கின் எடையைச் சரிபார்த்தவன் நான். என் சரக்கைப் பார்க்கத் தெரியாதா என்று தெம்பாகத்தான் இருந்தேன்.

ஒரு வாரம் அறுபத்தெட்டிலேயே நின்றது. எட்டாம் நாள் எழுபது.

இறங்கி மறுபடி ஏறினேன். எழுபது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அறுபத்தொன்று! அரை நிமிஷம் குணமாகிவிட்டேன்.

"ஏங்க, சுவத்த விடுங்க" என்றாள் மனைவி. "நேத்து ஊறுகா தின்னீங்களா?"

"ஒரே ஒரு துண்டு."

"துண்டு ரெண்டு கிலோவா?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. யோசிப்பதற்குள் போன் அடித்தது. நர்ஸ் கேரளத்துப் பெண், தமிழும் பேசுவார். எடையைச் சொன்னேன்.

"கால்ல வீக்கம் உண்டோ சார்?"

கம்பளிக் காலுறையைக் கீழே தள்ளினேன். கணுக்காலைச் சுற்றி ஆழமாக ஒரு வளையம். "குழி விழுந்திருக்கு சிஸ்டர்!"

"மூச்சு?"

"நீங்க போன் பண்ணினதிலிருந்து வாங்குது."

ஆஸ்பத்திரிக்கு எந்தப் பையை எடுப்பது, லிஃப்ட் வேலை செய்யுமா என்றெல்லாம் மனசு ஓடியது. நர்ஸ் நிதானமாகக் கேட்டார்: "சார் இப்ப எந்தெல்லாம் உடுத்திருக்கீங்க?"

சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. முந்தைய நாள் சாயங்காலம்தான் வருஷத்தின் முதல் குளிர்காற்று வீசியது. மாடி வீட்டு வங்காளி அம்மாள், நாங்கள் அண்ணி என்ற அர்த்தத்தில் பௌதி என்று கூப்பிடுபவர், ஓடி வந்து, "டண்டா லேகே ஜாபே!" என்று, குளிர் பிடித்துவிடும் என்று பயமுறுத்திவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்கு இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் கால்சட்டை, சால்வை, தலையில் மங்கி கேப். எல்லாவற்றோடும்தான் தராசில் ஏறியிருந்தேன்.

"எல்லாம் கழட்டிட்டு ஏறுங்க சார். போன வைக்க வேண்டாம்."

தராசு படுக்கையறையில், போன் ஹாலில். மனைவி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் உள்ளே உரித்துப் போட்டுவிட்டு ஏறினேன். "அறுபத்தெட்டு!" என்று அங்கிருந்தே கத்தினேன். துண்டைக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்ததும், மனைவி நர்ஸ் சொன்னபடி என் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்தினாள். குழி இல்லை. வளையம் காலுறையின் ரப்பர் போட்டது.

ஆனாலும் மூச்சு அடங்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார் நர்ஸ். ஒன்பது வரை வந்தேன். பதினொன்றா, பத்தா என்று குழம்பிவிட்டது. என் நெஞ்சைப் பார்த்தபடி மனைவியே எண்ணினாள்.

"பதினெட்டு" என்றாள்.

"அது மதி, அந்த அளவு போதும். வீட்டிலேயே இருக்கலாம் சார்."

மனைவி ரிசீவரை வைத்தாள். நான் இடுப்பில் துண்டோடு ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்த பௌதி, வாசலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்கு என்ன ஆயிற்று என்று சுவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.