பேசாமலிருந்த மூன்றாம் தவணை

போன வருடம் பாடசாலையில் மூன்றாம் தவணை, அதாவது வருடத்தின் கடைசிப் பருவம், தொடங்கிய கையோடு என் குரல் போய்விட்டது. தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். ஒன்றும் சரிவரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

நான் ஓர் ஆசிரியை. குரல் போனால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வீடு கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில். படிப்பிப்பது பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில், தரம் மூன்று. கிழமை நாட்களில் பாடசாலை, சனி ஞாயிறுகளில் கல்வி உளவியல் முதுமாணிப் பட்ட வகுப்பு. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், ஏன் சிலர் படிக்க மறுக்கிறார்கள், பயம் வந்த பிள்ளையின் மூளை என்ன செய்யும், இதெல்லாம் பாடம். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு என்பதால் தேவாலயத்துக்குச் சனி பின்னேரப் பூசைக்கே போய் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். இந்த வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்காத ஆளில்லை. ஆரம்பத்தில் நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். களைப்பில் அது எனக்கே மறந்துபோயிருந்தது.

எங்கள் பாடசாலை ஒரே நீள மண்டபம். வகுப்புகளுக்கு இடையில் சுவர் கிடையாது. இடுப்பளவுக்குப் பலகைத் தட்டி மட்டும். அடுத்த பக்கம் தரம் நான்கின் ஆசிரியர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால், அதற்கு மேலால் நான் கத்த வேண்டும். நான் கத்தினால் அவர் இன்னும் கத்துவார். தோட்டப் பாடசாலைகளில் நாங்கள் எல்லோரும் படிப்பிப்பது இப்படித்தான். கண்டியில் தொண்டை டொக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் தடிப்பு வந்திருக்கிறது என்றார். தவணை முடியும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, குசுகுசுவென்றும் பேசக்கூடாது, மீறினால் குரல் திரும்பிவருமென்று உத்தரவாதம் இல்லை என்றார்.

அந்த நேரத்தில் என் பொறுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கிஷாலினி. வீட்டில் நன்றாகப் பேசுவாள், தம்பியோடு சண்டை பிடிப்பாள். பாடசாலைப் படியில் கால் வைத்தால் வாய் பூட்டிக்கொள்ளும். முதலாம் தரத்திலிருந்தே அப்படித்தான். திமிர் என்று சிலர் சொன்னார்கள், மந்தம் என்று சிலர் சொன்னார்கள். அது ஒருவகைப் பயம் என்று படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதுமாணிக்குச் செய்யவேண்டிய தனியாள் ஆய்வுக்கு அவளையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பாடசாலை அதிபர் கெட்டவர் அல்ல. ஆனாலும் வருடக் கடைசிக்குள் அவள் பேசாவிட்டால் டவுன் பாடசாலையில் இருக்கும் விசேட கல்விப் பிரிவுக்கு அனுப்பவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். விடியக்காலையில் மலைக்கு ஏறுகிறவர் எந்த பஸ்ஸில் பிள்ளையைத் தினமும் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போவார்? அப்படி அனுப்பச் சொன்னால் பிள்ளையை நிறுத்திவிடுவேன் என்று என்னிடமே சொன்னார். ஆக, அந்தத் தவணையோடு கிஷாலினியின் படிப்பு முடிந்துவிடும் நிலைமை.

நான் சும்மா இருக்கவில்லை. மீளவலியுறுத்தல் என்று படித்திருந்தோம், நல்ல காரியத்துக்குப் பரிசு கொடுத்தால் அது மறுபடி வரும் என்று. வர்ண நட்சத்திரம் வாங்கினேன். ஒரு சொல் சொன்னால் ஒரு நட்சத்திரம். "சொல்லும்மா, சொல்லு" என்று பக்கத்தில் குனிந்து கெஞ்சுவேன். வகுப்பே திரும்பிப் பார்க்கும். அவள் சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். ஒரு நட்சத்திரமும் செலவாகவில்லை.

இந்த நிலையில்தான் என் குரலும் போனது. வீட்டில் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். சத்தமாக அழுவதற்கும் டொக்டர் விடவில்லை. ஆண்டவரே, உமக்கு இரக்கமில்லையா, உள்ளதே அந்தப் பிள்ளைக்கு நான் ஒருத்தி, என் வாயையும் ஏன் அடைத்தீர் என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன். அந்தக் கிழமை அன்பியக் கூட்டம், அயல் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற கூட்டம், எங்கள் வீட்டில்தான் நடந்தது. மன்றாட்டு நேரம் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்வோம் அல்லவா? என் முறை வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர்தான் எனக்காகச் சொன்னார்.

"ஆண்டவரே, இவ ரொம்பக் களைச்சுப் போயிட்டா. அந்தப் புள்ளைக்காகவாவது இவ கொரல திருப்பிக் குடுங்க."

எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். என்னால் மட்டும் முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் செபமாலையை உருட்டிக்கொண்டு அதே ஒரு காரியத்தைத்தான் கேட்டேன். குரல் வரவில்லை.

லீவு எடுக்கவும் வழியில்லை. எடுத்தால் ஆய்வு நின்றுபோகும், பிள்ளையும் கைவிட்டுப் போவாள். அதிபர் ஓர் ஏற்பாடு செய்தார். தரம் நான்கின் சேர் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு வகுப்புக்கும் வாயால் சொல்லிக் கொடுப்பார். நான் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளுக்கு நடுவில் நடந்து பார்ப்பேன். நிற்க முடியாத நேரம் கதிரையை இழுத்துக் கிஷாலினிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அது ஆய்வுத் திட்டம் ஒன்றும் இல்லை. கடைசி வரிசை வாங்கு அவளுடையது, அங்கேதான் இடம் இருந்தது.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். அவள் என்னை நேராகப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு அழிறப்பர் வேண்டுமென்றால் விரலால் காட்டுவேன், எடுத்துத் தருவாள். அவளுக்குத் தண்ணீர் குடிக்கப் போகவேண்டுமென்றால் என் கையைத் தொட்டுக் காட்டுவாள், தலையாட்டுவேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாமல் நன்றாகவே சமாளித்தோம். உண்மையைச் சொன்னால், அந்த மண்டபத்தில் எனக்கு ஓய்வாக இருந்த ஒரே இடம் அதுதான். நான் அவளைப் பேசவைக்க ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தெம்பில்லை.

நவம்பரில், மழை விடாமல் பெய்த ஒரு நாள். பகல் சாப்பாடு சமைத்துக் கொண்டுவருகிற அம்மா புதிதாக வந்தவர். வாசலில் நின்று, இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்று என்னிடம் கேட்டார். மழை இருட்டில் நாலு விரலைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு, தகரத்தில் மழைச் சத்தம். அவர் கொஞ்சம் கோபத்தோடு, வாயைத் திறந்து சொன்னால் என்ன என்கிற மாதிரிப் பார்த்தார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அதுவும் விளங்கவில்லை.

அப்போது என் முழங்கைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சருக்குப் பேச ஏலாது. நாலு பேரு வரல."

தெளிவாக, சாதாரணமாக, வீட்டில் பேசுகிற மாதிரி. அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கிஷாலினி மறுபடியும் கொப்பியில் குனிந்து கணக்கைச் செய்தாள்.

உறவுகளே, இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். அந்த நிமிடம் குரல் மட்டும் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன். "ஐயோ என் தங்கமே, பேசிட்டியா" என்று கட்டிப்பிடித்திருப்பேன். தரம் நான்கின் சேரைக் கூப்பிட்டிருப்பேன், கைதட்டச் சொல்லியிருப்பேன், நட்சத்திரத்தை எடுத்து நெற்றியில் ஒட்டியிருப்பேன். முழு மண்டபமும் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கும். அவள் வாய் மறுபடியும் பூட்டியிருக்கும், எத்தனை வருடத்துக்கோ தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளை பேசும்போது பெரிதாக ஆரவாரம் செய்யக்கூடாது என்று முதுமாணி வகுப்பு ஒப்படையில் நானே எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆனாலும் கத்தியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

என்னால் முடிந்ததெல்லாம் அவளைப் பார்த்துத் தலையாட்டியது மட்டும்தான். அவளும் தலையாட்டினாள்.

அடுத்த நாள் இன்னொரு தேவைக்குப் பேசினாள். பிறகு பக்கத்துப் பிள்ளையோடு. எனக்குப் பேச முடியாது என்பதால், நான் கையால் காட்டுவதை வகுப்புக்குச் சொல்வது மெல்ல மெல்ல அவள் வேலையாகிவிட்டது. தவணை முடியும்போது அதிபர் தட்டிக்குப் பின்னால் நின்று, அவள் வாசிப்பதைக் கேட்டார். விசேட பிரிவுப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. இப்போது அவள் தரம் நான்கில் இருக்கிறாள். அவளுடைய அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் குரல் வருடப் பிறப்புக்குப் பிறகுதான் வந்தது. முழுசாக வரவில்லை. கோயில் பாட்டுக் குழுவில் இனிப் பாட முடியாது, அது எனக்குக் கவலைதான். ஆய்வு பற்றிய வாய்மொழிப் பரீட்சையில் கரகரத்த தொண்டையோடுதான் பதில் சொன்னேன். எந்த முறையைக் கையாண்டு பிள்ளையைப் பேசவைத்தீர்கள் என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன், எனக்குப் பேச முடியாமல் போயிருந்தது சேர் என்று. அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். தேறிவிட்டேன்.

களைப்பு இன்னும் போகவில்லை. அதே பஸ், அதே மண்டபம். ஆனால் இப்போது நான் கத்திப் படிப்பிப்பதில்லை. நான் குறைத்ததும் அந்தப் பக்கத்துச் சேரும் குறைத்துவிட்டார்.

கேட்டது கேட்டபடி கிடைக்கவில்லை என்று சோர்ந்து போயிருக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம் பெரிய விசுவாசம் வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன், என்னிடமும் அப்போது இருக்கவில்லை. கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள், ஆனால் கேட்பதை விட்டுவிடாதீர்கள். என் குரலைத் திருப்பித் தரும்படி அன்று நான் கெஞ்சினேன். ஆண்டவர் அப்போது அதைத் தராமல் வைத்துக்கொண்டதற்காகத்தான் இன்று நன்றி சொல்கிறேன்.