என்னோடு எழும்பாத பல்

என்னுடைய விளையாட்டு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், நான் ஓர் இரண்டாமாள். பாடசாலையில் நீளம் பாய்தலில் இரண்டாமிடம். முதலாமவனுக்கு வயிற்றோட்டம் வந்தபடியால் மாகாண மட்டத்துக்கும் போனேன். அந்தச் சான்றிதழ்தான் உடற்கல்வி ஆசிரியர் வேலையும் வாங்கித் தந்தது. ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் ஓயாமல் படிப்பித்தேன்: பாய்ந்தபின் முன்பக்கத்தால் வெளியேறு, மணற்குழிக்குள் பின்னால் நடந்தால் பாய்ச்சல் செல்லாது.

அந்த முதலாமவனின் தங்கையைத்தான் கட்டினேன். அதனால் கலியாண வீடு, செத்த வீடு எங்கும் "இவர் என்ரை மச்சான். பாய்ச்சலிலை எனக்கு இரண்டாமாள்" என்று அறிமுகப்படுத்துவான். செத்த வீட்டில் கொஞ்சம் மெதுவாகச் சொல்வான்.

எங்கள் பாடசாலையின் இந்த வருட இல்ல மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டியில் பழைய மாணவருக்கும் நீளம் பாய்தல் இருந்தது. ஆளுக்கு ஒரு பாய்ச்சல். போனமுறை ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் இந்த வருடத்துக்குப் பிறகு இது இல்லை என்று அதிபர் சொல்லிவிட்டார். மச்சானை வெல்ல எனக்கிருந்த கடைசி வழி.

அவன் பாய்ந்து விழுந்த இடத்துக்கு நேரே கொடி குத்தினார்கள்.

"இஞ்சாருங்கோ, விழுந்தா நான் தூக்கமாட்டன்," என்றாள் மனைவி.

ஓடினேன். பலகையை உதைத்ததும் வாய் 'ஆ' என்று திறந்தது. பழைய பழக்கம். மேல்வரிசைக் கட்டுப்பல் என்னோடு எழும்பவில்லை.

நான் கொடியைத் தாண்டித்தான் விழுந்தேன். மச்சானின் முகம் கறுத்ததைப் பார்த்தே அறிந்தேன். ஆனால் சனத்துக்கு முன்னால் பொக்கை வாயோடு எப்படி வெல்வது? குழிக்குள்ளாலேயே பின்னால் நடந்துபோய்ப் பல்லை எடுத்தேன்.

சிவப்புக் கொடி உயர்ந்தது. நடுவர் என் பழைய மாணவி.

"சேர், நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்," என்றாள்.

பல் கையில் இருந்தபடியால் நான் வாதாடவில்லை. செல்லாத பாய்ச்சலை அளக்கமாட்டார்கள். மணலை வாரி மட்டப்படுத்திவிட்டார்கள். கிண்ணம் மச்சானுக்கு.

போன கிழமை உடுவிலில் ஒரு கலியாண வீடு. "இவர் என்ரை மச்சான். பாய்ச்சலிலை..." என்று யாரிடமோ தொடங்கியவன், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். பிறகு சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"உண்மையைச் சொல்லு. கொடியை எவ்வளவு தாண்டினனி?"

"அளக்கேல்லையே, மச்சான்."

"ஒரு சாண் வருமோ?"

"அளக்கேல்லை."

எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். அன்றைக்குப் பசை போட்டு இறுக்கியிருந்தேன்.