கடித்து வைத்த ரொட்டி

அத்-பாஷி ஊரில் அனார்கானின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் கரண்டி பிடித்தவள். நாற்பது வயதில் அவள் தோக்தோசுனைக் கட்டிக்கொண்டபோது ஊரே சிரித்தது. அநாதை விடுதியில் வளர்ந்தவன், ஆம்பிளை என்றால் சொல்லத் தெரிய வேண்டிய ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயர் தெரியாதவன், போயும் போயும் அவனா என்றார்கள்.

"ஏழு பாட்டன் பேரு தெரிஞ்சவனெல்லாம் குடிச்சிட்டுக் கிடக்கான், போங்கடி!" என்றாள்.

பிழைப்புக்காக வெளிநாட்டுச் சுரங்கத்துக்குப் போன தோக்தோசுன், அங்கே ஒரு சின்ன விமானம் விழுந்து செத்துப்போனான். ஊர்ப் பெரியவர்கள் கூடி வந்து, முறைப்படி சுற்றி வளைத்துப் பேசி, அவளுக்குச் சொன்னார்கள். அழுது தீர்த்தாள். ஆனால் உடல் வரவில்லை. கருகிப்போனவர்களில் யார் யாரென்று தெரியாமல் அந்த நாடு எவரையும் அனுப்பாது. ரத்தம் கொடுத்து ஒத்துப்பார்க்கலாம் என்றால் அவனுக்குப் பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை.

அதற்காகத்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இல்கிஸ் வந்திருந்தான். வெளிநாட்டில் இறந்தவர்களை வீடு சேர்ப்பது அவன் உத்தியோகம். பாவம், யாரும் பொறாமைப்படாத உத்தியோகம்.

"அவரு சீப்பு, சவரக்கத்தி ஏதாச்சும் இருக்காக்கா?"

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. மிச்சம் கிடந்த துணியையும் நான் துவைச்சுத் தொலைச்சிட்டேன்."

பால் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தவன் சுவரைப் பார்த்தான். ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே என்ன என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி, ஊரைவிட்டுப் போகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடித்து வைப்பான். மிச்சம் அவன் திரும்பி வந்து தின்பதற்கு.

"அது அவரு கடிச்சதா? அவரு எச்சில் அதுல இருக்கும்க்கா."

அனார்கான் எழுந்து பையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இதையும் குடுத்துட்டா, வந்து எதைத் தின்பாரு?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. இல்கிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அங்கேயே விட்டா, பேரில்லாம ஒரு நம்பரைப் போட்டுப் புதைச்சிடுவாங்கக்கா."

பேரில்லாமல் விடுதி வாசலில் கிடந்த பிள்ளை தோக்தோசுன். மறுபடியும் பேரில்லாமலா? பையை இறக்கிக் கொடுத்தாள்.

இல்கிஸ் கையுறை மாட்டிக்கொண்டான். "கடிச்ச இடத்தை வேற யாராச்சும் தொட்டாங்களா?"

ஊரை அடக்கிய வாயை அவள் தலைத்துணி நுனியால் மூடிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

"நான்தான். தினமும் படுக்கப் போறப்ப அந்த இடத்துல ஒரு முத்தம் குடுப்பேன். இந்த வயசுல இவளுக்கு என்ன கேடுன்னு சிரிக்காத."

அவன் சிரிக்கவில்லை. "அப்போ உங்க எச்சிலும் வேணும்க்கா. ரெண்டும் கலந்திருக்கும். உங்களோடதைக் கழிச்சாத்தான் மிச்சம் அவருன்னு தெரியும்."

பஞ்சு சுற்றிய குச்சியை அவன் எடுத்தான். அவள் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பற்குறியைத் தவிர தோக்தோசுனுடையது என்று அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

"இதுலயாவது ஒண்ணா இருந்தோம் தம்பி. பிரிச்சாத்தான் வருவாரா?"

"ஆமாக்கா."

அனார்கான் வாயைத் திறந்தாள்.